டிரம்முக்குச் செய்த பூசை

என்னோடு பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்து சிலேட்டைத் துடைத்தவர்களே, பருத்திக் காட்டில் மடி கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்து வரிசையில் நின்றவர்களே, இப்போது என்னைப் போலவே முட்டியைப் பிடித்துக்கொண்டு செட்டிகுளத்து மலைப்படி ஏறுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை வரக்கூடாது என்று விளக்கேற்றி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் சித்தப்பா டிரம் வெடித்துச் செத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் வெடித்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வீர்கள். சுற்றிச் சுற்றி அது எங்கள் சித்தியின் தலையில் வந்துதான் நிற்கும். நானும் பல வருசம் அப்படித்தான் நம்பினேன்.

அது சவுதிக்கு வீட்டுக்கு ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் சித்தப்பா அங்கே ரோடு போடும் கம்பெனியின் சமையல்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கல்யாணத்துக்கு வந்தார், திரும்பிப் போகவில்லை. சித்தி அரியலூர்ப் பக்கம். சுண்ணாம்புக்கல் தோண்டுகிற ஊர். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து முதல் ஆடி கழிந்து ஆவணியில் தாத்தா செத்துப்போனார். நெஞ்சுச் சளி முற்றிக் கிடந்த மனிதர்தான். ஆனாலும் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சாவு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இவ காலடி வச்ச நேரம் நல்லால்ல" என்று. சித்தி அதைக் கேட்டும் கேட்காதவள் போல அடுப்படியில் வேலை பார்த்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தலை பின்னிவிடும்போது அவள் கையில் சீயக்காய் வாசமும் வெங்காய வாசமும் கலந்து அடிக்கும்.

சித்தப்பாவிடம் ஒரு போட்டோ இருந்தது. பாலைவன மணலில் ஒரு டிரம்மைப் படுக்கப்போட்டு, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கீல் வைத்து மூடி ஆக்கி, நாலு கால் பற்றவைத்து, ஓரத்தில் புகை போகக் குழாய் நட்டிருந்தது. பக்கத்தில் சித்தப்பாவும் சப்பை மூக்குக்காரர் ஒருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சப்பை மூக்குக்காரரின் நாட்டுக்காரர்கள் கறியில் உப்பும் மிளகும் தடவி உள்ளே அடுக்கி, ஒரு மூலையில் கட்டையைப் புகையவிட்டு மூடிவிடுவார்களாம். நெருப்பு கறியைத் தொடவே தொடாது. காலையில் வைத்தால் பொழுது சாயும்போது எலும்பு தானாகக் கழன்று வரும் என்பார் சித்தப்பா. சொல்லும்போதே எச்சில் விழுங்குவார். அந்தப் போட்டோ பிறகு எங்கே போனதோ தெரியவில்லை.

சிறுவாச்சூர் ரோட்டில், கோயிலுக்குப் பிரிகிற வழியைத் தாண்டி, லாரிகள் ஓரம் கட்டுகிற இடத்தில் ஒரு கொட்டகை போட்டு இந்தக் கறியை விற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"இது மட்டும் ஓடிட்டா நான் திரும்ப அந்த மணலுக்குப் போவவேண்டியதில்ல பாப்பா. உஞ் சித்தியும் தனியா கெடக்கவேண்டியதில்ல" என்று என்னிடம் சொன்னார். பெரியவர்களிடம் சொல்ல முடியாததை அவர் என்னிடம் சொல்வார்.

முதலில் ஓர் எண்ணெய் டின்னில் செய்து பார்த்தார். டின்னுக்குள் கம்பி வலை வைத்து, ஒரு நாட்டுக்கோழியைப் பிளந்து போட்டு, கீழே வேலிக்காத்தான் கட்டையைப் புகையவிட்டார். வாசல் முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா முறைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்னடா தம்பி பண்ற, வாழைத்தாரு பழுக்க வைக்கிறியா?"

"கறிண்ணே."

"கறியக் கொழம்பு வச்சுத் தின்னாம புகை போடுற மொத ஆளு நீதான்டா. கொசு வேணா சாவும்."

அன்றைக்குக் கோழி கசந்தது. கசப்பென்றால் நாக்கு சுருண்டுகொள்கிற கசப்பு. நாய் மட்டும் தின்றது. அதற்கு மறுவாரம் கொய்யாக் கட்டையும் காய்ந்த தேங்காய் மட்டையும் வைத்தார். சித்தி மிளகோடு சீரகமும் பூண்டும் தட்டித் தடவிக் கொடுத்தாள். அந்தக் கறியின் ருசியை எழுத எனக்குத் தெரியவில்லை. வெளிப்பக்கம் கறுத்து, பிய்த்தால் உள்ளே ரோஜா நிறத்தில் ஈரமாக இருந்தது. பெரியப்பா முறைக்காரரே வந்து, "இன்னொரு துண்டு இருக்கா, சும்மா பாப்போம்" என்று கை நீட்டினார். அத்தை நாலு துண்டு தின்றுவிட்டு, "பரவால்ல" என்றாள்.

அப்பா மட்டும் தொடவில்லை. அவர் கறி தின்னாதவர் இல்லை. ஆனால் அம்மனுக்குப் போகிற சனம் நடக்கிற ரோட்டில் கறிக்கடை போடுவது அவருக்கு உறுத்தியது. சித்தப்பா, "திங்கள், வெள்ளி கடை இல்லண்ணே, கோயில் நடை தொறக்குற நாளு பூட்டிடுறேன்" என்று சொல்லியும் அவர் மனம் ஒப்பவில்லை. கடைசியில் எங்கள் குலசாமிக்கு முன்னால் பூக் கேட்பது என்று முடிவாயிற்று. வயல் நடுவில் இருக்கிற சின்னக் கோயில். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமும் கட்டி, சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுத்தது என் தம்பி. வெள்ளை வந்தது. சித்தப்பா அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

பெரிய டிரம்மை வாங்கிக் கொண்டுவந்தது சித்தியின் அண்ணன். அரியலூரில் பழைய இரும்புக் கடையில் பிடித்து, பஸ் மேலே கட்டிக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் மூடிய இரும்பு டிரம். மேலே ஒரு பெரிய ஓட்டை, ஒரு சின்ன ஓட்டை, இரண்டிலும் மரை மூடி இறுக்கியிருந்தது. அதை உருட்டிக்கொண்டு தெருவில் வரும்போது அத்தை வாசலில் நின்று கைதட்டிச் சிரித்தாள்.

"ஏ புள்ள, ஓம் பொறந்த வூட்டு சீரு வந்துடுச்சு! பித்தள அண்டா குடுப்பாங்கன்னு பாத்தா தகர டிரம்மு குடுத்திருக்காங்க!"

"இருக்கட்டும் அண்ணி, இதுல வெந்த கறிய மொதல்ல நீங்கதான திம்பீங்க" என்றாள் சித்தி. அவள் அத்தைக்குப் பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

டிரம்மைத் தொழுவத்துப் பக்கம் நிறுத்தினார்கள். குலுக்கினால் உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் கிட்டப் போனாலே பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசம். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். மூடியில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோந்தேன். அம்மா வந்து காதைத் திருகி இழுத்துப் போனாள்.

பெரம்பலூர் டவுனிலிருந்து கேஸ் வெல்டிங்காரர் ஒருவரைச் சித்தப்பா பேசி வைத்திருந்தார். அவர் காலையில் வந்து டிரம்மைத் தட்டிப் பார்த்தார். சித்தப்பாவையும் அப்பாவையும் தள்ளி அழைத்துப்போய் ஏதோ பேசினார். பிறகு, "மதியம் வரேங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடனே சித்தப்பா பெரிய மூடியைத் திருகித் திறந்தார். வாசம் குபுக்கென்று வந்தது. மாடு கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தண்ணி ரொப்பணும். கொடத்த எடுத்தா" என்று சித்தியிடம் சொன்னார்.

சித்தி இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள். ஊற்றப்போகும்போது அப்பா குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், கற்பூரம்.

"இருப்பா. பூசையப் போட்டுட்டு ஊத்திக்கலாம். நல்ல நேரம் முடியப்போவுது. தண்ணி எங்கடா போவப்போவுது?"

சித்தப்பா டிரம்மைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். கடைக்குச் சம்மதித்ததே பெரிசு என்று நினைத்திருப்பார். "சரிண்ணே" என்றார்.

சித்திதான் மெதுவாகச் சொன்னாள். "மாமா, தண்ணிய ஊத்திட்டு அப்பறம் கும்பிடலாங்களே. வாசம் தலையச் சுத்துது."

"சும்மா இரும்மா. சாமி காரியத்துல குறுக்க பேசாத. நீயே ஏத்து. வூட்டுக்கு வந்த லட்சுமி கையால ஏத்தினா நல்லது."

சித்தி டிரம்மின் மேல், ஓட்டையை விட்டுத் தள்ளி, விளிம்போரமாக வெற்றிலையை வைத்தாள். அதன்மேல் கற்பூரம். இரண்டு தீக்குச்சி அணைந்தது. மூன்றாவது பற்றியது. ஏற்றிவிட்டு, தேங்காய் உடைக்கக் கல் எடுக்க இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஓரத்துல வச்சா எப்படி? வெத்தலய நடுவுல தள்ளுடா" என்றார் அப்பா.

சித்தப்பா குனிந்து வெற்றிலையை நகர்த்தினார்.

அதன்பின் எனக்குச் சத்தம்கூட நினைவில் இல்லை. காது அடைத்துப்போய், எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடுவதுதான் தெரிந்தது. டிரம் இருந்த இடத்தில் டிரம் இல்லை. அதன் மேல் தகடு பருத்திக் காட்டில் கிடந்து வெகுநாள் கழித்து அகப்பட்டது. தொழுவத்துக் கூரை எரிந்துகொண்டிருந்தது. சித்தி கீழே விழுந்து, முதுகில் புடவை பொசுங்கி, எழுந்து சித்தப்பாவிடம் தவழ்ந்து போனாள். அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அதனால் சித்தப்பாவை நான் பார்க்கவில்லை. அதற்காக அம்மாவைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பிணம் வீட்டுக்கு வந்தபோது சித்தி ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முதுகுப் புண்ணுக்கு யாரோ வாழைக்குருத்து வைத்திருந்தார்கள். அவளை எழுப்பிக் கால்மாட்டுக்குக் கூட்டிப்போக அத்தை கையைப் பிடித்துத் தூக்கினாள். அவள் உட்கார்ந்திருந்த பாயில் ரத்தம் இருந்தது. புடவையின் பின்பக்கம் முழுக்க ரத்தம். அத்தை அதைப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட கூப்பாடு தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

"அடிப் பாவி! வூட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டாடி கற்பூரத்தத் தொட்ட! தீட்டோட சாமிக்கு ஏத்தினியே, எந் தம்பியப் பொசுக்கிட்டியே!"

"இல்ல அண்ணி, இல்ல அண்ணி" என்று மட்டும் சித்தி சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் விடவில்லை. கூட்டம் முழுக்க அந்தப் பாயைப் பார்த்தது. பூ வெள்ளையாக வந்த காரியம் ஏன் இப்படி ஆயிற்று என்று அதுவரை யாருக்கும் பிடிபடவில்லை. இப்போது எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

காரியம் முடிவதற்குள் அந்த வெல்டிங்காரர் ஒருநாள் வந்தார். கிணற்றடியில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, குடத்தைக் கவிழ்ப்பது போல் ஏதோ காட்டினார். அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு அவர் தோளில் கை வைத்து ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நான் வாளியோடு நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் சித்தியின் அண்ணன் வந்தார். எங்கள் வீட்டில் இருப்பதா, போவதா என்பதுதான் அன்றைய பேச்சு. அவள் பிறந்த வீட்டில் அம்மா இல்லை, அண்ணி ராஜ்ஜியம். போனால் காலமெல்லாம் வேலைக்காரிதான் என்பது அவளுக்குத் தெரியும். கூடத்தில் அப்பாவின் காலில் விழுந்தாள்.

"ஒரு மூலையில கெடந்துக்கறேன் மாமா. மாட்டப் பாத்துக்கறேன். பாப்பாவுக்குத் தல பின்னிவுட்டுக்கிட்டுக் கெடக்கறேன். நாந் தப்பு எதும் பண்ணல மாமா."

அப்பா சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தபடி பேசினார். "குலசாமி உத்தரவு குடுத்த காரியம்மா. தப்பு சாமி பக்கம் இருக்காதுல்ல."

அவ்வளவுதான் தீர்ப்பு. புறப்படும்போது சாமி மாடத்தைக் கும்பிடப் போனவளை அத்தை குறுக்கே நின்று தடுத்தாள். என் அம்மா மட்டும் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சித்தி நின்றபடி குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வருசங்கள் போயின. என்னைக் குரும்பலூரில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிள்ளை தங்கவில்லை. நாள் தள்ளி இரண்டாம் மாதம், ஒரு நாள் அம்மிக்கல் காலில் விழுந்த அதிர்ச்சியில் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என் புடவையைப் பார்த்தபோதுதான் அந்தப் பாய் எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாடி, அது தீட்டு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் யாரிடம் சொல்வேன்? அப்போதும் வெடித்தது எதனால் என்று எனக்குத் தெரியாது. சாமி குத்தம் வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பு பிறந்த என் மகன் ஐடிஐயில் வெல்டிங் படித்தான். போன வருசம் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்ய ஒரு டிரம் கொண்டுவந்தான். வெட்டுவதற்கு முன்னால் ஹோஸ் போட்டுக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பினான்.

"எதுக்குடா இம்புட்டுத் தண்ணி?"

"பெயிண்டுல கலக்குற தின்னர் இருந்த டிரம்மும்மா. காலியா இருந்தாலும் உள்ள அந்த ஆவி நிக்கும். நெருப்புக் கிட்டப் போனா ஆளத் தூக்கிடும்."

சித்தி கொண்டுவந்து வைத்த அந்த இரண்டு குடம் என் கண்முன் வந்து நின்றது.

மறுநாள் பஸ் ஏறி அப்பாவிடம் போனேன். அம்மா போன பிறகு அவர் என் தம்பி வீட்டில் இருந்தார். கண் மங்கி, கட்டிலோடு கிடந்தார். மகன் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பப்பா?"

"வெல்டிங்காரன் தண்ணி ரொப்பி வைங்கன்னான். ஏன்னு நான் கேக்கல. பொறவு வந்து ஏன்னு சொன்னான்."

"அப்பவே தெரிஞ்சுமா சித்தியப் போவ வுட்டீங்க?"

"சாமிக்கு வச்ச கற்பூரத்தாலதான் செத்தான்னு நா எப்படிச் சொல்லுவேன்? ஊரு குலசாமிய ஏசும். பூவ ஏசும். அவ பேரு கெட்டுப்போவட்டும், சாமி பேரு கெடக்கூடாதுன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் கழித்து, "என் பேரும்" என்றார்.

நான் தினமும் விளக்கேற்றுகிறவள். செவ்வாய் வெள்ளி விரதம் விடாதவள். அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு ஒன்றுதான் தோன்றியது. தன் பேரைக் காப்பாற்ற ஒரு பொம்பளையைக் காவு கேட்கிறவளா எங்கள் அம்மன்? தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தவளும் ஒரு பொம்பளை, ஊற்றிவிடலாமே என்று சொன்னவளும் அவள்தான். அம்மன் அவள் வாயால்தான் சொல்லியிருக்கிறாள். நாங்கள்தான் கேட்கவில்லை.

அதே வாரம் அரியலூர்ப் பக்கம் போய்ச் சித்தியைத் தேடிப் பிடித்தேன். அண்ணன் மகன் வீட்டுப் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. வெளியே உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கூந்தல் முழுக்க வெள்ளை. என்னைத் தெரியவில்லை. சொன்னதும், "தலையில இம்புட்டு முடி இருந்துச்சே, எங்கடி போச்சு?" என்று என் பின்னலைப் பிடித்துப் பார்த்தாள்.

அறைக்குள் சாமி படம் ஒன்றுகூட இல்லை. கேட்டேன்.

"நா ஏத்தினா என்ன ஆவும்னு பாத்தோமேடி" என்றாள். "அன்னிக்குத் தொட்டதுதான். அதுக்கப்பறம் நா ஒரு வெளக்கும் ஏத்தல. வூட்டு விசேசத்துல கூட ஒதுங்கி நின்னுக்குவேன்."

அப்போதுதான் புரிந்தது. ஊர் நம்பியதை அவளும் நம்பியிருக்கிறாள். வயிற்றில் இருந்தது போயிற்று என்று தெரிந்தும், தன் கைதான் புருசனைக் கொன்றது என்று இத்தனை வருசமும் இருந்திருக்கிறாள். நாள் தள்ளிப்போயிருந்ததை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாளாம். பூசை முடிந்து வீட்டில் சொல்லலாம் என்றாராம்.

நான் தின்னரைப் பற்றிச் சொன்னேன். ஆவியைப் பற்றிச் சொன்னேன். வெல்டிங்காரர் தண்ணீர் ஊற்றச் சொன்னது அதற்குத்தான் என்றேன். அவள் கை புளியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப நா இல்லையா?"

"நீங்க இல்ல சித்தி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள்.

"உங்கப்பா இருக்காரா?"

"இருக்காரு. முடியாம கெடக்காரு."

"அவருக்கு இது தெரியுமா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பெற்றவர். சாகக் கிடக்கிறவர். ஆனால் உள்ளதைச் சொல்வதென்று விளக்கின் முன் நின்று எடுத்த முடிவோடு போனவள் நான். "அப்பவே தெரியும் சித்தி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சாப்புட்டுட்டுப் போ" என்றாள். சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னாள்.

"அவரு போனா எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க."

என் கூட்டாளிகளே, நம் பக்கத்தில் சாவுக்குச் சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொண்டவன் வீட்டுக்குக்கூட ஆள் போகும்.

தை பிறந்து அப்பா போனார். தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அரியலூருக்குச் சொல்லணுமாக்கா?" என்றான். வேண்டாம் என்றேன். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் அத்தை ஒப்பாரியை நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். அவளுக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"எங்கண்ணன் சாவுக்கு அந்தப் பாதகத்தி எட்டிப் பாக்கலியே! தம்பிய முழுங்கினவளுக்கு ஈரம் எங்க இருக்கும்?"

"ஆமா, வந்திருக்கலாம்" என்றாள் ஒருத்தி. "அப்பவே அப்படித்தான்" என்றாள் இன்னொருத்தி.

நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"நாந்தான் சொல்லி அனுப்பல அத்த. அவங்கதான் வேணாம்னாங்க. ஏன்னு எங்கப்பாவுக்குத் தெரியும்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றி நிறைய விபூதி பூசி, அவர் படுத்திருந்தார்.